சவூதியில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

சவூதி அரேபியாவில் வேலைபார்த்த ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும், உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதை வாரிசுகள் கூடிப் பேசி முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எழுத்தில் பெறாமல் ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகமோ ஜித்தாவில் உள்ள துணைத் தூதரகமோ தடையில்லாச் சான்றிதழ் வழங்காது.

அந்தக் கடிதம்தான் ஊரில் இருப்பவர்களின் கையில் உள்ள முக்கியமான வேலை. மனைவியோ பெற்றோரோ கையொப்பமிட்டு, நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்று, அங்கே காரியங்களைக் கவனிக்கும் ஒருவரின் பெயரையும் இக்காமா (சவூதி வசிப்பிட அனுமதி அட்டை) எண்ணையும் குறிப்பிட்டு, அவருக்கு அதிகாரம் அளிக்க வேண்டும். நம் பெயர்முறையால் இங்கே சிக்கல் வருவதுண்டு: ரேஷன் அட்டையில் 'மு. செல்வம்' என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் 'செல்வம் முத்து' என்றிருப்பார். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து எழுதுங்கள்.

செலவை நினைத்துக் கலங்கிக் கடன் வாங்க ஓட வேண்டாம். உடலைத் தயார்செய்து, தொழிலாளி வேலைக்கு எடுக்கப்பட்ட இடத்திற்கு அனுப்பும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது; சமூகக் காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்றால் மட்டுமே அவருக்கு விலக்கு உண்டு. கஃபீல், அதாவது பொறுப்பேற்று வேலைக்கு எடுத்த முதலாளி, கைவிரித்தால் தூதரகத்தில் எழுத்துமூலம் முறையிட்டு, 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் போலீஸ் அறிக்கையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். விசாரணை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்றிதழ், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் இந்திய விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதி கிடைக்கும். 2023 முதல் இதற்குச் சுகாதார அமைச்சகத்தின் 'ஈ-கேர்' இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். உடல் பயணிகள் வாயில் வழியாக வராது, கார்கோ பிரிவில்தான் வந்திறங்கும் என்பதால், சரக்கு ரசீதில் பெறுநராகப் பெயர் உள்ளவரே அசல் அடையாள அட்டையுடன் அங்கே போய் நிற்க வேண்டும். அவசரத்தில் வேறொருவரை அனுப்பிவிட்டு வாசலில் காத்துக்கிடக்க நேரக்கூடாது. திருச்சியிலோ சென்னையிலோ இறங்கும் உடலை ஊருக்கு எடுத்துச்செல்ல வசதியில்லாத குடும்பங்கள், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை முன்கூட்டியே அணுகலாம்.

உடலைப் பெறுவதற்கான அதிகாரக் கடிதத்தில் 'நிலுவை எதுவும் இல்லை' என்ற வரி இருந்தால் கையொப்பமிடாதீர்கள். பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, இழப்பீடு ஆகியவற்றுக்குத் தனியே ஓர் அதிகாரப் பத்திரம் எழுதி, அதைத் தூதரகத்தின் வழியாகவே அனுப்புங்கள்.