சென்சஸில் காணாமல் போன முன்னோரை வொர்க்ஹவுஸில் தேடுங்கள்

இங்கிலாந்து, வேல்ஸில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இது. 1851 சென்சஸில் குடும்பத்தோடு இருந்தவர் 1861-இல் வீட்டில் இல்லை, இறப்புப் பதிவும் கிடைக்கவில்லை என்றால் வொர்க்ஹவுஸில், அதாவது கதியற்றவர்களைச் சேர்த்து வேலை வாங்கிய விடுதியில், இருக்கிறாரா என்று பாருங்கள். அங்கிருந்தவர்களைத் தனிப் பட்டியலாகத்தான் எழுதினார்கள், சில இடங்களில் பெயருக்குப் பதில் வெறும் முதலெழுத்துகள், அதனால் பெயரை மட்டும் அடித்தால் சிக்காது. வயதையும் பிறந்த ஊரையும் வைத்துத் துழாவுங்கள். 1841 சென்சஸ் வயதை மட்டும் நம்பாதீர்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

ஆள் சிக்கிவிட்டாரா? சரி, அடுத்து விடுதியின் சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடு. என்னைக் கேட்டால் சென்சஸைவிட இதுதான் சுவாரசியம். சென்சஸ் காட்டுவது பத்து வருடத்தில் ஒரே ஒரு ராத்திரியை. இதில் ஒருவர் எப்போது வந்தார், எப்போது போனார், மறுபடி எப்போது வந்தார் என்பதெல்லாம் தெரியும். தப்பிப் பிழைத்த பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்த கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்புறம், 1904-க்குப் பிறகு விடுதியில் பிறந்த குழந்தைகளின் சான்றிதழில் விடுதிப் பெயரைத் தவிர்த்து வெறும் தெரு முகவரி போட்டார்கள், அந்த முகவரியைப் பழைய வரைபடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.