சத்துணவு பாடம் எடுத்தாச்சு, கொழந்தைகளுக்கு பலன் இருந்துச்சான்னு எப்படி பாக்கறதுங்க?

செப்டம்பர்ல ஊட்டச்சத்து மாசம் வந்தா அங்கன்வாடிலயும் ஒண்ணாப்பு ரெண்டாப்புலயும் சார்ட் ஒட்டி, பாட்டு பாடி, காய்கறி வேசமெல்லாம் போட்டு நல்லாத்தான் பண்றோம். முடிஞ்சதும் "கீரை சாப்பிட்டா என்னாகும்?"னு கேட்டா மொத்த வகுப்பும் "கண்ணு நல்லா தெரியும் டீச்சர்"னு ஒரே குரல்ல கத்தும். அது பாட்டு மனப்பாடம் ஆயிருச்சுன்னு மட்டுந்தான் காட்டும். அதே கொழந்தை காலைல கிச்சடில இருக்கற கேரட்டையும் பீன்ஸையும் ஒண்ணொண்ணா பொறுக்கி தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சிருக்கும், பாருங்க.

அதனால தட்டைத்தான் பாக்கோணுங்க. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் உங்க ஸ்கூல்ல இருந்தா ரொம்ப வசதி, இந்த கெழமைக்கு இந்த சாப்பாடுன்னு மெனு இருக்கறதால பாடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே சாப்பாட்டை வெச்சு பாக்கலாம். கொழந்தைக தட்டு கழுவப் போறப்ப காய் எவ்வளவு மீதின்னு முழுசு, முக்கால், பாதி, கால், ஒண்ணுமில்லன்னு ஒரு நோட்டுல டிக் அடிச்சா போதும், தராசு எல்லாம் வேண்டாம். ஒரு நாளை வெச்சு முடிவு பண்ணாதீங்க, குறைஞ்சது மூணு நாளாவது பாருங்க. பாடம் எடுத்த டீச்சரே குறிக்காம வேற ஒருத்தர் குறிச்சா நல்லது, நம்ம கொழந்தைகன்னு வந்துட்டா கை தானா நல்ல பக்கம் போயிரும். தட்டை காலி பண்ணுனா ஸ்டார்னு மட்டும் சொல்லிராதீங்க, பசியில்லாத கொழந்தையும் முழுங்கும், கணக்கும் கெட்டுப்போயிரும்.

கேள்வி கேக்கணும்னா தனித்தனியா கூப்பிட்டு கேளுங்க. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்கு வந்தவங்க கொழந்தைகளுக்கு தமிழ் அவ்வளவா வராது, அதனால கம்பு உருண்டை, வாழப்பழம், வேகவெச்ச தட்டப்பயறு, சிப்ஸ் பாக்கெட்னு நெசப்பொருளையே மேசைல வெச்சு எதை எடுக்கறாங்கன்னு பாத்தாலே போதும்.

ஒரு புது காய் கொழந்தைக்கு பிடிக்க எட்டு பத்து தடவையாவது வாயில படணும், சிலதுகளுக்கு அதுக்கும் மேல. அதனால நேத்து தொடவே தொடாத கொழந்தை இன்னிக்கு முருங்கைக்கீரையை மோந்து பாத்து நுனி நாக்குல வெச்சுட்டு துப்புனாலும் அது முன்னேற்றந்தாங்க, அதுக்குன்னு நோட்டுல ஒரு கட்டம் கண்டிப்பா போடுங்க.

வீட்டுல விசாரிக்கறப்ப "கீரை குடுக்கறீங்களா?"ன்னு கேட்டா எல்லா அம்மாவும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "நேத்து காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கண்ணு என்னென்ன சாப்பிட்டுச்சுங்க?"ன்னு கேளுங்க. நம்மூர்ல சந்தைக்கு மறுநாள் வீடு நெறைய காய் இருக்கும், சந்தைக்கு முந்தின நாள் கொள்ளு ரசமோ வெறும் தயிரோதான், அதனால ரெண்டு தடவையும் அதே கெழமைல கேக்கோணும். இல்லீன்னா நீங்க சந்தையைத்தான் அளந்திருப்பீங்க, பாடத்தை இல்ல.

முடிஞ்சா பக்கத்து ஊர்ல இன்னும் பாடம் எடுக்காத ஒரு அங்கன்வாடிலயும் இதே மாதிரி குறிச்சு ரெண்டையும் ஒப்பிட்டு பாத்துட்டு, அப்பறமா அவங்களுக்கும் பாடம் எடுத்துருங்க. எடை உசரத்தை வெச்சு மட்டும் பாடத்தை எடை போடாதீங்க, நாலு வாரத்துல அது பெருசா மாறாது. ஆனா எடை குறைவா இருக்கற கொழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்போணும், அது வேற வேலை.

பாடம் முடிஞ்ச வாரம் ஒருக்கா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா பாருங்க. ரெண்டாவது தடவையும் தட்டு ஓரத்துல காய் கம்மியா இருந்தா அந்த பாடத்தை அடுத்த வருசமும் அப்படியே எடுக்கலாங்க.