பழைய கேமிங் பிசிக்கு ப்ராசஸர் மாத்தணுமா? கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மாலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போன மாசம் அக்கா மகன் செந்தூல்ல இருந்து போன் பண்ணான், "மாமா பிசி செத்துப்போச்சு மாமா, புது ப்ராசஸர் வேணும், சனிக்கிழமை லோ யாட் வர்றீங்களா"ன்னு. செத்தெல்லாம் போகல, வாலரன்ட்ங்கிற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது நாலஞ்சு பேரு ஒரே இடத்துல சுட ஆரம்பிச்சா படம் வெட்டி வெட்டி ஓடுது, அவ்ளோதான். 2019ல நான்தான் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தேன், ஏஎம்டியோட ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் நடுவுல ஆர்டிஎக்ஸ் 3060 ஆயிடுச்சு. இந்த மாதிரி செட்டு இன்னும் நிறைய வீட்டுல ஓடுது, அதான் அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதிடலாம்னு பார்த்தேன். கடைக்குப் போயிட்டா கண்ணு அலையும்லா, ப்ராசஸர் வாங்கப் போனவன் போர்டு, ரேம், கலர் கலரா எரியுற ஃபேன்னு தூக்கிட்டு வருவான். அதனால முதல்ல ரெண்டு ராத்திரி வீட்டுலயே உட்காருங்க.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற அளந்து காட்டுற சாஃப்ட்வேரை இறக்கிக்கோங்க, காசு இல்ல, எந்தக் கம்பெனி கார்டா இருந்தாலும் ஓடும். அதோட வர்ற ரிவாட்யூனரையும் போட்டு ஸ்கிரீன் மூலையில கார்டு யூசேஜ், ப்ராசஸரோட ஒவ்வொரு த்ரெட்டோட (அது ஒரே நேரத்துல பார்க்கிற வேலை வரிசை ஒவ்வொண்ணோட) யூசேஜ், சூடு, எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம்) எல்லாம் தெரியுற மாதிரி வெச்சுக்கோங்க. எஃப்பிஎஸ் லிமிட், வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை ஸ்கிரீன் வேகத்தோட பூட்டுறது) ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் பார்க்கணும், 60ல பூட்டி வெச்சுட்டு "கார்டு சும்மா இருக்கே"ன்னு சொன்னவங்களையும் நான் பார்த்திருக்கேன். இப்ப வழக்கமா ஆடுற கேமை வழக்கமா திக்குற இடத்துல ஆடுங்க. கார்டு 97, 99 சதவீதத்துலயே நிக்குதுன்னா ப்ராசஸரைத் தொடாதீங்க, கார்டுதான் மூச்சு வாங்குது. பூச்சோங்ல ஒரு நண்பர் ஜிடிஎக்ஸ் 1060 வெச்சுக்கிட்டு சைபர்பங்க் 2077 ஆடுறாரு, அவருக்கு எந்த ப்ராசஸர் வாங்கி வெச்சாலும் அதே எஃப்பிஎஸ்தான்.

நம்ம பையனுக்கு சண்டை நேரத்துல கார்டு 45தான் காட்டுச்சு. உடனே அவன் கேட்டான், "ப்ராசஸரும் 40தானே மாமா காட்டுது, அப்புறம் எது ஸ்லோ?" இங்கதான் நிறைய பேரு ஏமாறுறது. அந்த 40ங்கிறது பன்னெண்டு த்ரெட்டுக்கும் சேர்த்து போட்ட சராசரி. ஒட்டுக்கடையில பத்து பேரு வேலை செஞ்சாலும் ரொட்டி சானாய் வீசுறது ஒரே ஆளுன்னா கூட்டம் அவர் முன்னாடிதானே நிக்கும், தே தாரிக் ஆத்துறவர் சும்மா நின்னு என்ன புண்ணியம்? கேமும் அப்படித்தான், முக்கியமான வேலை முழுக்க ஒண்ணு ரெண்டு த்ரெட்டு தலையில. தனித்தனியா பார்த்தா ஒண்ணு 95க்கு மேல போய் முட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னும் சந்தேகம்னா ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்க, கார்டுக்கு வேலை பாதிக்கு மேல குறையுது, அப்பவும் எஃப்பிஎஸ் ஏறலன்னா ப்ராசஸர் பக்கம்தான் கோளாறு.

ப்ராசஸர்தான்னு தெரிஞ்சாலும் பர்ஸை எடுக்காதீங்க. டாஸ்க் மேனேஜர்ல மெமரியைத் தட்டி ஸ்பீட் பாருங்க. அவனோட ரேம் 3200, ஓடினது 2133ல! பயாஸ்ல (போர்டுக்குள்ளயே இருக்கிற அடிப்படை ப்ரோக்ராம்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை முழு வேகத்துல ஓட விடுற செட்டிங், ஆன் பண்ணாமயே இத்தனை வருஷம் ஓடியிருக்கு. ரைசன்ல உள்ளே கோர்களை இணைக்கிற பாதையோட வேகமும் ரேம் வேகத்தோட கட்டுப்பட்டது, ரேம் மெதுவா ஓடினா சிப்பு முழுக்க மந்தமாயிடும். ஆன் பண்ணதும் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு ஏறுச்சு, ஒரு காசு செலவில்ல. அன்னிக்கு செட்டப் பண்ணது யாருன்னு அவன் கேட்கல, நானும் சொல்லல. ரேம் ஒத்தக் குச்சியா இருந்தா இன்னொண்ணு போட்டு ரெட்டையாக்குங்க. அப்புறம் சூடு. அக்கா வீட்டுல சாமி மேடைக்குப் பக்கத்துலதான் பிசி, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க்ல கம்பளி மாதிரி படிஞ்சு கிடந்துச்சு. 90 டிகிரிக்கு மேல போனா ப்ராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும், நம்ம ஊரு வெக்கைக்கு ஏர்கான் இல்லாத ரூம்ல இது சாதாரணம். துடைச்சு, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல புது தெர்மல் பேஸ்ட் போட்டுட்டு மறுபடி அளந்து பாருங்க.

இதுக்கப்புறமும் திக்கினா, இப்ப வாங்குறதைப் பத்திப் பேசலாம்.

ஏஎம்4 சாக்கெட் போர்டு (பையனோட பி450 அதுதான்) வெச்சிருக்கறவங்க கொடுத்து வெச்சவங்க. ப்ராசஸர் உட்காருற இந்த சாக்கெட் 2017ல வந்த முதல் ரைசன்ல இருந்தே இருக்கு, 2022ல ஏஎம்டி பழைய 300 சீரிஸ் போர்டுக்கும் ரைசன் 5000 சீரிஸைத் திறந்து விட்டுச்சு. 2600ல ஆறு கோரும் மூணு மூணா ரெண்டு கூட்டமா பிரிஞ்சு, ஆளுக்கு 8 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி). ஒரு கூட்டம் இன்னொண்ணுகிட்ட எதையாவது கேட்டா சுத்திட்டு வரணும், அங்கதான் கேம்ல திக்குறது. ரைசன் 5 5600ல ஆறும் ஒரே வீட்டுல, 32 எம்பியை எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கலாம், பூஸ்ட் வேகமும் 3.9ல இருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ், கரண்டு அதே 65 வாட்ஸ், அதனால பவர் சப்ளை மாத்த வேணாம். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி ரெண்டுலயும் கேஷ் 96 எம்பி, கேமுக்கு அதுதான் ராஜா, ஆனா 105 வாட்ஸ், கூலர் தனியா வாங்கணும், புதுசா கிடைக்கிறதும் இப்ப குதிரைக்கொம்பு. 3060 கார்டுக்கு 5600 தாராளம்ங்கிறது என் கணக்கு, கார்டையும் சீக்கிரம் பெருசாக்குற எண்ணம் இருந்தா மட்டும் எக்ஸ்3டி தேடுங்க. ஒரு விஷயம் கவனிங்க, 5500, 5600ஜி ரெண்டுலயும் கேஷ் 16 எம்பிதான், பேரு கிட்ட கிட்ட இருக்குன்னு மலிவா தூக்கிடாதீங்க.

இன்டெல்காரங்களுக்கு அவ்ளோ அதிர்ஷ்டமில்ல. எல்ஜிஏ 1151ன்னு ஒரே பேர்ல ரெண்டு சாக்கெட் இருக்கு, 6, 7ஆம் ஜெனரேஷன் போர்டுல 8ஆம் ஜெனரேஷன் சிப்பு உட்காரும், ஆனா ஓடாது. ஐ5 7400 வெச்சுக்கிட்டு ஐ7 7700 தேடுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, விண்டோஸ் 11 சப்போர்ட் பொதுவா 8ஆம் ஜெனரேஷன்ல இருந்துதான், விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அந்தக் காசை முழு மாத்தலுக்குச் சேர்த்து வைங்க. 8, 9ஆம் ஜெனரேஷனா இருந்தா செகண்ட்ஹேண்ட் ஐ7 பார்க்கலாம். 13, 14ஆம் ஜெனரேஷன் ஐ7, ஐ9 பழசு வாங்குறதுக்கு நான் பயப்படுவேன், வோல்டேஜ் கோளாறுல சிப்பே கெட்டுப்போற பிரச்சினை இருந்துச்சு, 2024ல அதைச் சரிசெய்ய மைக்ரோகோட் அப்டேட் கொடுத்தாங்க, ஆனா ஏற்கெனவே கெட்டது கெட்டதுதான்.

ஏஎம்டியோட அடுத்த சாக்கெட் ஏஎம்5க்கே தாவிடலாமான்னும் கேட்டான். போர்டு, டிடிஆர்5 ரேம், ப்ராசஸர் மூணும் வாங்கணும், 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்தைப் பார்த்தீங்கல்ல? வெள்ளிய எண்ணிப் பார்த்துட்டு அவனே வாயை மூடிக்கிட்டான்.

செகண்ட்ஹேண்ட்னா ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்க. நான் ஒரு தடவை எல்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல கவரைப் பிரிச்சும் பார்க்காம காசைக் கொடுத்துட்டு வந்தேன், வீட்டுல வந்து பார்த்தா ஓரத்துல ஒரு பின்னே இல்ல. ஏஎம்4ல பின்னெல்லாம் ப்ராசஸர் அடியிலதான், போன் டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு வரிசை வரிசையா பாருங்க, வளைஞ்சிருந்தா வரிசை நேரா தெரியாது.

மாத்துற அன்னிக்கு முதல் வேலை பயாஸ் அப்டேட். பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே ஏத்துங்க, புதுசை மாட்டிட்டு ஸ்கிரீன் வரலையேன்னு முழிக்காதீங்க. போர்டு கம்பெனி வெப்சைட்டுல சிபியு லிஸ்ட் இருக்கும், உங்க சிப்புக்கு நேரா எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்துன்னு போட்டிருப்பாங்க, அந்த ஃபைலை எஃப்ஏடி32 ஃபார்மேட் பண்ண பென்டிரைவ்ல போட்டுக்கோங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் கறுத்துக்கிட்டு வர்ற நேரத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க, பாதியில கரண்டு போனா போர்டுக்கு கருமாதிதான், காலையில பசியாறிட்டு உட்காருங்க. பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கோங்க, ப்ராசஸர் மாறினா அந்தப் பூட்டுச் சாவியை வெச்சிருக்கிற எஃப்டிபிஎம் அழியும், அப்ப கேட்கும்.

கூலரைக் கழட்டுறதுலயும் விவரம் இருக்கு. பேஸ்ட் காஞ்சு கோந்து மாதிரி ஒட்டியிருக்கும், நேரா இழுத்தா லாக் போட்டபடியே ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வரும். பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டிட்டு, கூலரை இப்படி அப்படி மெல்லத் திருகி எடுங்க. புதுசை வைக்கும்போது முக்கோணக் குறியை முக்கோணத்தோட சேருங்க, தன்னால விழணும், அமுக்கக் கூடாது.

பையனோட பிசியிலயும் புது ப்ராசஸரை மாட்டி விண்டோஸ் வந்துச்சு, பையன் ஆசையா வாலரன்ட்டைத் திறந்தா வேன் 9001ன்னு எரர். முகம் போன போக்கைப் பார்க்கணுமே. பயாஸ் ஏத்தினதுல செட்டிங் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, விண்டோஸ் 11ல அந்த கேமுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கிற ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் வேணும். திரும்பப் போய் ரெண்டையும் ஆன் பண்ணி, அப்படியே எக்ஸ்எம்பியையும் மறக்காம போட்டேன், இந்தத் தடவை அவனைப் பக்கத்துல உட்கார வெச்சு. அதே மேப், அதே சண்டை, கார்டு 45ல இருந்து 70க்கு மேல ஏறுச்சு, வெட்டல் இல்ல. பழைய 2600ஐ ஒரு வாரம் டப்பாவுலயே வெச்சிருன்னு சொல்லியிருக்கேன், புதுசு ஒழுங்கா ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம் வித்துக்கலாம். அவன் அதுக்குள்ள ஸ்கூல் பையன் ஒருத்தனுக்கு பேசி முடிச்சுட்டான்.