சாயங்கால ஜெபத்தைப் பிள்ளைகள் எழுந்து ஓடாதபடி நடத்துவது எப்படி

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் எங்கள் வீடு. சபையில் பல வருஷம் ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைகளுக்கு ஞாயிறு வேத வகுப்பு) நடத்தினவள் என்பதால் இளைய தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டீச்சர், வீட்டுல ஜெபம் நின்னு போச்சு. திரும்ப எப்படித் தொடங்கணும்?" போன், டியூஷன், சீரியல் என்று காரணம் அடுக்குவார்கள். அதெல்லாம் பாதிதான். பிள்ளை மனசில் இருக்கிற கேள்விக்கு அந்த ஜெபத்தில் இடமே இல்லை என்பது மீதிப் பாதி.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நம் பெற்றோர் ஏழு மணிக்கு ஜெபித்தார்கள் என்பதற்காக நீங்களும் ஏழையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ரப்பர் வெட்டுகிற வீட்டில் விடியுமுன் எழும்ப வேண்டும், சீக்கிரம் படுத்துவிடுவார்கள். டியூஷன் பிள்ளை எட்டு மணிக்குத்தான் வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சற்று முன் வையுங்கள். பசித்த வயிறு யாரையும் நீட்டி ஜெபிக்க விடாது. குவைத்தில் இருக்கிற மகனைத் தினமும் வீடியோ காலில் சேர்க்கப் பார்க்காதீர்கள். இங்கே எட்டு மணி என்றால் அங்கே ஐந்தரை, பாவம், அவன் வேலையிலோ பஸ்ஸிலோ இருப்பான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, சபைகளில் ஆராதனையும் அன்றைக்கே நடக்கும். அன்று மட்டும் கூப்பிடுங்கள்.

பத்து நிமிஷம் போதும். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், ஒரு வாசிப்பு, ஒரு ஜெபம். வேதத்தை ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போனால், பலிச் சட்டங்களாக அடுக்குகிற லேவியராகமத்தில் நின்றுவிடும். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், கதை வேகமாக ஓடும், பத்தாம் வகுப்புப் பையனும் உட்கார்ந்து கேட்பான். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருக்கிறது, தேதியைப் பார்த்தே எடுக்கலாம். 119-ஆம் சங்கீதத்தை ஒரே மூச்சில் வாசிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 176 வசனம்! அதை எட்டெட்டு வசனமாக 22 பகுதியாய் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி எடுத்தால் போதும்.

ஜெபத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். "ஆண்டவரே, இந்தப் பையன் போனைக் கீழே வைக்கக் கிருபை செய்யும், மேத்ஸ்ல பாஸாக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அது யாருக்குச் சொன்னது என்று ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பதில் பேசவும் முடியாது, அம்மா ஜெபம் பண்ணுகிறாளே! சொல்ல வேண்டியதைச் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

இனி கேள்விகள். பெரும்பாலான வீடுகளில் ஜெபம் நின்றுபோவது இங்கேதான் என்று நினைக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையிலிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. "ஜெபம் பண்ணிட்டுத்தானே பாட்டி போனாங்க?" என்று என் பேரன் கேட்டான். 'எல்லாம் தேவ சித்தம்' என்று மூடிவிடாதீர்கள். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் அப்படித்தான் அவன் பாடுகளுக்கெல்லாம் விளக்கம் வைத்திருந்தார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்படுவது அவர்கள்மேல்தான். அன்று 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமலே முடிகிற சங்கீதம் அது. வாசித்துவிட்டு, "எனக்கும் தெரியலை மக்களே" என்று சொல்லலாம். அதனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துபோகாது.

சயின்ஸ் படிக்கிற பிள்ளை, பிரபஞ்சம் உண்டான விதம் பற்றிய பிக் பேங் கொள்கையைக் கொண்டுவந்தால் பதறாதீர்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் குமரி மாவட்டத்து நெய்யூர் இருக்கிறது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த சாமர்வெல் டாக்டர், அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் கத்தி பிடித்தவர். வேதமும் அறுவைச் சிகிச்சையும் அவரிடம் சண்டை போடவில்லை.

போனில் வரும் தீர்க்கதரிசன வீடியோக்களுக்கு இரண்டு சோதனை போதும். தேதி குறித்துச் சொல்கிறாரா? அந்த நாளை ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24-இல் இருக்கிறது. கடைசியில் ஜிபே நம்பர் வருகிறதா? அத்தோடு அழித்துவிடுங்கள்.

பாறசாலைப் பக்கத்து மருமகள் வந்திருந்தால் அவள் மலையாள வேதத்திலேயே வாசிக்கட்டும், மற்றவர்கள் தமிழில் விரல் வைத்துத் தொடரலாம். கத்தோலிக்க மருமகன் ஜெபமாலை சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள். 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று நீங்கள் தொடங்க, அவர் 'விண்ணுலகில் இருக்கிற' என்று தொடங்குவார், சொல்லட்டும். அடுத்த வீட்டுக்காரரின் சாமியைக் கிண்டல் செய்கிற ஃபார்வர்டு வந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த தலைமுறை நாங்கள். சர்ச்சு அசன விருந்துக்கு அடுத்த வீட்டுக்காரர்களையும் கூப்பிடுகிறோம், கோயில் கொடைக்கு நமக்கும் பாயசம் வருகிறது. அந்த ஃபார்வர்டைப் பிள்ளை முன்னாலேயே அழியுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிற மகன் "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்றால், திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். அவன் காதில் விழட்டும் என்று குரலை ஏற்ற வேண்டாம். அவனை மனந்திருப்பப் போதகரை வரவழைக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு எல்லாரோடும் சேர்த்து அவனையும் கூப்பிடுங்கள். மரச்சீனியும் சாளைக் குழம்பும் ஜெபித்தவர்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொடங்காதீர்கள். ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று எல்லாரும் களைத்திருப்பார்கள். திங்கட்கிழமை தொடங்குங்கள். 117-ஆம் சங்கீதம், இரண்டே வசனம். வீட்டில் இளைய பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.