டைனோசர் வாங்கும்போது முதல்ல வயித்தைத் திருப்பிப் பாருங்க: பெங்களூர் அப்பா அம்மாக்களுக்கு

வீட்டுல நாலஞ்சு வயசுப் பொடிசு இருந்தா டைனோசர் எப்படியும் உள்ள வந்துரும், நாம கூப்பிட வேண்டியதே இல்ல. பர்த்டே பார்ட்டி ரிட்டர்ன் கிஃப்ட்ல வரும், கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல பாக்கெட்டுக்கு பத்து பன்னெண்டுன்னு தொங்கும், ஆன்லைன்ல தேடினா பக்கம் பக்கமா வந்துட்டே இருக்கும். இதுல எதை வாங்கறதுன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், பேர் இல்லாத டைனோசரை வாங்காதீங்க.

பொம்மையைக் கையில எடுத்ததும் திருப்பி அடிவயித்தைப் பாருங்க. நல்ல கம்பெனி பொம்மைன்னா வயித்துலயோ, காலுக்குள்ளயோ, கூட தொங்குற அட்டையிலயோ அது எந்த டைனோசர், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் செஞ்சதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். ஷ்லைக், பாப்போ, சஃபாரி, கலெக்டா எல்லாம் இந்த ரகம், விலை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா ஒரு பேர் கிடைச்சிருச்சுன்னா அதை வெச்சு புக்ல தேடலாம், எந்த ஊர்ல கிடைச்சுது, என்ன சாப்பிட்டுது, எப்ப இருந்துதுன்னு கேட்டுக்கிட்டே போகலாம். பேர் இல்லாத பச்சைக் கலர் பொம்மை ரெண்டு நாள்ல சோஃபாவுக்கு அடியில போயிரும். அதனால பாக்கெட் பன்னெண்டுக்குக் குடுக்கற காசைச் சேர்த்து வெச்சு நல்லதா ஒண்ணு வாங்குங்க, அடுத்தது அடுத்த பர்த்டேக்கு.

பேர் மட்டும் போதாது, உடம்பும் சரியா இருக்கணும், இதுக்கு நீங்க சயின்டிஸ்ட்டா இருக்க வேண்டியதில்ல. டி.ரெக்ஸ் கையைப் பாருங்க, ரெண்டு விரல்தான் இருக்கணும், மூணு இருந்தா அதைச் செஞ்சவங்க ஒரு படத்தைக்கூட ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம். வால் தரையில இழுபடக்கூடாது, முதுகும் வாலும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டுல படுக்கையா இருக்கணும், கங்காரு மாதிரி நிமிந்து நின்னா அது பழைய காலத்து நினைப்பு. வெலாசிராப்டர்ன்னா இறகு இருக்கணும், அதோட முன்கை எலும்புல இறகு ஒட்டியிருந்த புடைப்புகளை 2007லயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஸ்பைனோசாரஸ் வாங்கறீங்கன்னா வாலைப் பாருங்க, 2020ல வந்த ஆராய்ச்சியில அது துடுப்பு மாதிரி உயரமான தட்டை வால்னு தெரிஞ்சுது, அதனால மெல்லிசா நீளமா வால் இருந்தா பழைய அச்சுன்னு கண்டுபிடிச்சிரலாம். பழசுன்னு தூக்கிப் போட வேண்டாம், ரெண்டையும் பக்கத்துல வெச்சு முன்னாடி இப்படி நினைச்சாங்க இப்ப இப்படின்னு காட்டுங்க, பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

செட்டா வாங்கினா இன்னொரு விஷயம் இருக்கு. உள்ள ஒரு டெரனோடான் பறந்துட்டிருக்கும், முதுகுல கப்பல் பாய் மாதிரி விரிஞ்ச டைமெட்ரோடான் ஒண்ணு இருக்கும், ரெண்டுமே டைனோசர் கிடையாது. அதையெல்லாம் தனி டப்பாவுல போடச் சொல்லுங்க, பிரிச்சு அடுக்கறதே பெரிய விளையாட்டு. சைஸையும் கவனிங்க. டி.ரெக்ஸ் சுமார் 12 மீட்டர், வெலாசிராப்டர் வால் நுனி வரைக்கும் சேர்த்தே 2 மீட்டர்தான், வான்கோழி சைஸ் உடம்பு. கலெக்ட் பண்றவங்க நிறைய பேர் பாக்கற 1:40 அளவுல, அதாவது நிஜத்துல நாப்பதுல ஒரு பங்குல, முதலாவது 30 செ.மீ, ரெண்டாவது வெறும் 5 செ.மீ. செட்டுல ரெண்டும் ஒரே உயரத்துல நின்னா குழந்தை மனசுல அதுவே பதிஞ்சுரும், ஸ்கேல் வெச்சு வரைஞ்சு காட்டிருங்க.

சேஃப்டியில மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. மார்க் கட்டாயம், அதுல இருக்கற லைசென்ஸ் நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டுப் பாக்கலாம். மூக்கைத் துளைக்கிற பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சா வேண்டாம். கத்துற டைனோசர்ன்னா பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க, பட்டன் பேட்டரியை முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. தண்ணியில போட்டா ஊதிப் பெருசாகிற முட்டை, ஜெல்லி டைப் எல்லாம் சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், வயித்துக்குள்ள போனா அங்கயும் ஊதும். மூணு வயசுக்குக் கீழ இருந்தா பேர் இல்லாததை வாங்காதீங்கங்கிற ரூலை விட்டுருங்க, சன்னபட்னா மரப் பொம்மை மாதிரி வாயில வெச்சாலும் பயமில்லாததா, உதிர்ற பாகம் இல்லாததா ஒண்ணு போதும்.

இப்ப விளையாட்டு. இதுக்குக் காசே வேண்டாம், வீட்டுல இருக்கற இஞ்சி டேப்பும் மாஸ்கிங் டேப்பும் போதும். ஹால்ல இருந்து தரையில ஒரு கோடு ஒட்டுங்க, 1 செ.மீ. ன்னா 10 லட்சம் வருஷம், சுவத்துப் பக்கம் இன்னிக்கு. மனுஷ இனம் வந்து மூணு லட்சம் வருஷம்தான் ஆச்சு, அது வெறும் 3 மில்லிமீட்டர், பென்சில்ல ஒரு புள்ளி. டி.ரெக்ஸ் கடைசியா நின்ன இடம் 66 செ.மீ. ஸ்டெகோசாரஸ் எங்கன்னா 150 செ.மீ. பொம்மைகளை அந்தந்த இடத்துல நிறுத்திட்டு நடுவுல அளந்து பாக்கச் சொல்லுங்க, டி.ரெக்ஸுக்கும் ஸ்டெகோவுக்கும் நடுவுல 84 செ.மீ. இருக்கும், அதாவது டி.ரெக்ஸ் நமக்குத்தான் கிட்ட! ரெண்டும் சண்டை போடற மாதிரி படம் போட்டிருக்கற புக்கைப் பார்த்தா அன்னில இருந்து குழந்தையே தப்பு சொல்லும். முதல் டைனோசர்கள் 2.3 மீட்டர் பக்கம் வரும், டைமெட்ரோடான் அதையும் தாண்டி 2.8 மீட்டர் கிட்ட. அப்புறம் லால்பாக் பாறையைக் கேளுங்க, அந்தக் கெம்பேகௌடா கோபுரம் நிக்கிற பாறைதான், வயசு சுமார் 300 கோடி வருஷம், நம்ம கோட்டுல 30 மீட்டர். வீட்டுக்குள்ள பத்தாது, லிஃப்டைத் தாண்டி காரிடார் கடைசிக்குப் போகணும். நம்ம பெங்களூர்ல டைனோசர் எலும்பு ஏன் கிடைக்கிறதில்லங்கிறதுக்கும் இங்கயே பதில் வந்துரும், காலுக்கடியில இருக்கற பாறை அவ்வளவு பழசு.

அடுத்தது கார்டு. ட்ரம்ப் கார்டு நாம எல்லாரும் ஆடினதுதானே, அதையே சார்ட் பேப்பர்ல வெட்டி நீளம், எடை, காலம், நாடுன்னு எழுதி வீட்டுலயே செய்யலாம். எடை மட்டும் பென்சில்ல எழுதுங்க, அது எலும்பை வெச்சுப் போட்ட கணக்கு, புக்குக்கு புக் மாறும். நாடுங்கிற இடத்துல இந்தியான்னு எழுதற கார்டும் கண்டிப்பா இருக்கணும்ங்க. ராஜாசாரஸ் இருக்கு, குஜராத்ல கிடைச்சு 2003ல பேர் வெச்சாங்க, நெத்தியில சின்னதா ஒத்தைக் கொம்பு. பாராபாசாரஸ் இருக்கு, கோதாவரி பக்கம் கிடைச்சது, தாகூர் நினைவா பாராபாசாரஸ் தாகோரைன்னு முழுப் பேர், எலும்புக்கூட்டைக் கல்கத்தாவுல இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. இதெல்லாம் பக்கத்துக் கடையில கிடைக்கறது கஷ்டம், களிமண்ணுல செய்யச் சொல்லுங்க, காஞ்சதும் வயித்துல பேரை அவங்களே கீறட்டும்.

புக் வாங்க சர்ச் ஸ்ட்ரீட்தான், ப்ளாஸம், புக்வோர்ம் ரெண்டுலயும் பழைய புக் கிடைக்கும், பதிப்பு வருஷத்தை மட்டும் பாருங்க, ரொம்பப் பழசுன்னா இறகு இருக்காது. தமிழ்ல படிச்சுக் காட்டணும்னா ஸ்டோரிவீவர் சைட் இருக்கு, நம்ம ஊர் பிரதம் புக்ஸோடது, இலவசம், தமிழ்னு ஃபில்டர் போட்டு டைனோசர், புதைபடிமம்னு தேடுங்க. புக் பின்னாடி எழுத்துக்கூட்டிப் பேர் சொல்ற பக்கம் இருந்தா அதுதான் நல்ல புக், பேரன்ட்ஸுக்கும் அது வேணும்.

தோண்டி எடுக்கற கிட் வாங்கினா பிளாஸ்டர் கட்டியைக் கொஞ்சம் நனைச்சுட்டுக் குடுங்க, இல்லன்னா தூசி நெஞ்சுக்குள்ள போகும், பால்கனியில பேப்பர் விரிச்சு உக்காத்தி வைங்க. சின்னவங்களுக்கு டிஃபன் பாக்ஸ்ல தண்ணி ஊத்தி பொம்மையைப் போட்டு ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா போதும், உப்பும் ஸ்பூனும் குடுத்துட்டா ஒரு மணி நேரம் ஓடும்.

வீக்எண்ட்ல கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியம் போங்க, டைனோசர் பகுதி இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போறவங்க பெரம்பலூர் பக்கம் சாத்தனூர் கல்மரத்தை, அதாவது கல்லாவே மாறிப்போன மரத்தைப் பார்த்துட்டு வாங்க, 18 மீட்டர் நீளம், 12 கோடி வருஷம், 1940ல ஜியாலஜிக்கல் சர்வேயோட எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது, நம்ம கோட்டுல 120 செ.மீ. அங்கயும் அரியலூர் பக்கத்துலயும் கல்லை எதையும் எடுத்துட்டு வராதீங்க, போட்டோ எடுத்து கார்டு செய்யுங்க. எக்ஸிபிஷன்ல டைனோசர் முட்டைன்னு விக்கறதை வாங்கவே வாங்காதீங்க, போலியா இருந்தா காசு போச்சு, நிஜமா இருந்தா எங்கிருந்தோ திருடினதா இருக்கும். கலெக்‌ஷன்ல கல் ஒண்ணு வேணும்னு அடம்பிடிச்சா ஒரு கிளிஞ்சலைக் களிமண்ணுல அழுத்தி எடுத்துட்டு அந்தக் குழியில பிளாஸ்டர் ஊத்துங்க, பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கலக்கறது மட்டும் நீங்களே செய்ங்க.