கண்டலை முதலில் வரையட்டும், எழுத்து பிறகு

தரம் 4 பிள்ளையிடம் ‘சுற்றாடலைப் பாதுகாப்போம்’ என்று கட்டுரை கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். மரம் மழை தரும், மரத்தை வெட்டக் கூடாது, நன்றி. எல்லாம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடமாக்கின வரிகள். அந்தத் தலைப்பை விட்டுவிட்டு, பிள்ளையின் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒன்றைப் பிடியுங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பள்ளிக்கூடமென்றால் வாவிக்கரைச் சேற்றில் வளருகிற கண்டல் மரம், மேற்கே படுவான்கரையென்றால் யானை.

கண்டல் பார்க்க மாரி முடிந்து தண்ணீர் வடிந்த பிறகு, வெயில் ஏறுமுன் போங்கள். வாவியில் முதலை உண்டு, அதனால் அங்கே மீன்பிடிக்கிற ஒருவரைக் கேட்டு அவர் காட்டுகிற கரையில் மட்டும் நில்லுங்கள், தண்ணீருக்குள் ஒருவரும் கால் வைக்க வேண்டாம். கொப்பி, பென்சில், அடியில் வைக்க ஒரு மட்டை போதும். பெஸ்டலை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது, கையில் கொடுத்தால் உடனே பச்சையை எடுத்து மரத்தை உருண்டையாகப் பூசிவிட்டு, வேரை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள்தான்: ஒருவருக்கு வேர், ஒருவருக்கு இலை, ஒருவருக்கு நண்டு, ஒருவருக்குக் கரையில் ஒதுங்கின சொப்பிங் பேக்.

நண்டுக்கு ஆறு கால் போட்ட பிள்ளையிடம் பிழை என்று சொல்லாதீர்கள், திரும்ப எண்ணிப் பார் என்று சொல்லுங்கள். கவ்வுகிற கால் இரண்டையும் சேர்த்துப் பத்து வரும். வேர் வரைகிற பிள்ளை, இது ஏன் சேற்றிலிருந்து மேல்நோக்கி ஈட்டி போல நிற்கிறது என்று தானே கேட்கும். சேற்றுக்குள் காற்றுக் குறைவு, இந்த வேர்கள் வெளியே வந்து மூச்சு விடுகின்றன என்பதை அந்தக் கேள்வி வந்த பிறகுதான் சொல்ல வேண்டும், முன்கூட்டிச் சொன்னால் இன்னொரு பாடமாகிவிடும். வெண்கண்டல் இலையை விரலால் தடவி நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சின உப்பை அந்த மரம் இலை வழியே தள்ளிவிடுகிறது. சில கண்டல்களின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடும் என்பதையும் காட்டுங்கள்.

எழுத்து அடுத்த நாள். படத்துக்குக் கீழே மூன்றே வசனம்: நான் பார்த்தது, எனக்கு ஆச்சரியமாக இருந்தது, எனக்குத் தெரியாதது. மூன்றாவதுதான் விலையுள்ளது, அவற்றை ஒரு பெரிய டிமைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, வீட்டில் அப்பப்பாவிடமோ தோணிக்காரரிடமோ கேட்டு வரச் சொல்லுங்கள். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் இந்த வேர்களுக்குள்தான் ஒளிந்து வளருகின்றன என்ற செய்தி அப்படித்தான் வகுப்புக்கு வர வேண்டும். கண்டலை வெட்டினால் நாளைக்குக் கறிச்சட்டியில் என்ன குறையும் என்பது பிள்ளைக்கு அதிலேயே விளங்கும்.

யானை வேறு விடயம். வயலையும் சில வேளை ஆளையும் யானைக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளையிடம் ‘யானை நம் நண்பன்’ என்று எழுதச் சொல்வது சரியில்லை. வீடு, வயல், குளம், மின்சார வேலி, யானை வருகிற பாதை எல்லாவற்றையும் ஒரு படமாகக் கீறட்டும். அப்புறம் அதே இரவை இரண்டு தடவை எழுதட்டும், ஒரு தடவை பரணில் காவலிருக்கிற அப்பாவாக, மற்றத் தடவை யானையாக. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி வேண்டும் என்று இடையில் ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும். தரம் 5 என்றால் அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததையும் பேசலாம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு கடிதம், அது உண்மையான ஒருவருக்குப் போக வேண்டும். இறங்குதுறைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கு ‘சுற்றாடலைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் அவர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். கடை வாசலில் ஒரு குப்பைக்கூடை வையுங்கள் என்று எழுதி, சொப்பிங் பேக் படத்தையும் இணைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ல, ள பிழையெல்லாம் இந்தக் கடைசிப் பிரதியில் மட்டும் திருத்துங்கள், அதுவும் பென்சிலால். கொடுக்கப் போகும்போது பிள்ளையே வாசித்துக் கொடுக்கட்டும், டீச்சர் பின்னால் நின்றால் போதும்.