குசினியில் ஒரு முட்டை, முற்றத்தில் ஒரு கேள்வி

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் வீட்டில் வினாத்தாள் கட்டு ஏறிவிடுகிறது. அதில் ஒன்றைக் குறைத்துவிட்டு, பிள்ளையைக் குசினிக்குக் கூப்பிடுங்கள்.

ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரில் புது முட்டையை விடுங்கள்; அமிழும். இனி உப்பைப் போட்டுக் கலக்க வேண்டும். அதற்கு முன், 'என்ன நடக்கும், ஏன்?' என்று பிள்ளையிடம் கேட்டு எழுதுவியுங்கள். இந்த ஊகம்தான் முக்கியம். பிழையாக இருந்தாலும் அழிக்க விடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி உப்பு நன்றாகக் கரைந்ததும் முட்டை மேலே வரும். உப்பு கரையக் கரைய அதே அளவு தண்ணீரின் நிறை கூடுகிறது. முட்டையின் பருமனளவு தண்ணீரின் நிறை முட்டையின் நிறையை மிஞ்சும்போது முட்டை மிதக்கிறது.

மொழிசார்ந்த சிந்தனைக்கும் புத்தகம் தேவையில்லை. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு: எது சேராதது? பனாட்டு என்பார்கள், மற்ற இரண்டும் பனங்கிழங்கிலிருந்து வருபவை, இது பனம்பழக் களியில் செய்வது. என் மகள் 'புழுக்கொடியல்' என்றாள். "அதை மட்டும்தானே அம்மா அவிக்கிறோம்?" அதற்கும் புள்ளி கொடுத்தேன். விடையைவிடக் காரணத்தைக் கேளுங்கள். அடுத்த கேள்வியை அவர்களே உங்களிடம் கேட்கட்டும். எனக்கு இன்னும் இரண்டுக்கு விடை தெரியவில்லை.